ஏழு நிமிடத்துக்கு ஒரு வரி: மொட்டை மாடி வெயிலைக் கணக்கில் பிடிப்பது

சித்திரை மாதத்தில் மாலை ஆறரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். வெயில் இறங்கிவிட்டது, காற்றும் கொஞ்சம் ஆறிவிட்டது, ஆனாலும் தரை சுடுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கீழே படுக்கையறையில் மின்விசிறியைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது. பகல் ஒரு மணிக்கு விழுந்த வெயில் இத்தனை நேரம் எங்கே தங்கியிருந்தது? எந்த வேகத்தில் இறங்கி வந்தது?

இதற்குக் கணினி வேண்டாம், நுண்கணிதமும் வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும், கூட்டி மூன்றால் வகுக்கும் பழக்கமும் இருந்தால் வீட்டிலேயே கணக்கிட்டு விடலாம். அந்தக் கணக்கை எப்படிக் கட்டுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். திண்மப் பொருளில் வெப்பம் ஓடும் எந்த மாதிரிக்கும், அது மாடித் தளமாக இருந்தாலும் கைபேசிச் சில்லாக இருந்தாலும், எலும்புக்கூடு இதுதான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பொருள் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் அது வெப்பச் சமநிலையில் இருக்கிறது; அங்கே ஓட்டம் இல்லை, கணக்கிட ஒன்றும் இல்லை. ஒரு முனை எப்போதும் சூடாகவும் மறுமுனை எப்போதும் குளிர்ச்சியாகவும் இருந்து, நடுவில் வெப்பம் மாறாத அளவில் ஓடிக்கொண்டிருந்தால் அது நிலைத்த ஓட்டம். அதைச் சமநிலை என்று சொல்லக்கூடாது. நம் மாடி இரண்டிலும் சேராது. காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி; இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு கணம்கூட அது சமநிலையில் நிற்பதில்லை. அதனால்தான் கணக்கில் நேரமும் வந்து சேர்கிறது.

முதல் வேலை, எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று முடிவு செய்வது. பத்தடிக்குப் பத்தடி அறை. மேலே 12 செ.மீ. கான்கிரீட் தளம். அகலம் தடிமனைப்போல் இருபத்தைந்து மடங்கு. வெயில் தளம் முழுவதும் ஒரே மாதிரி விழுவதால் வெப்பத்துக்குப் பக்கவாட்டில் ஓட வேலை இல்லை. மேலிருந்து கீழே ஓடினால் போதும். சுவரை ஒட்டிய ஓரங்களில் மட்டும் இது பொய்யாகும். உள்ளே கிடக்கும் கம்பிகள்? எஃகு கான்கிரீட்டைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் தளத்தில் கம்பி படுக்கையாகத்தான் கிடக்கிறது, மேலிருந்து கீழே வெப்பத்தை இறக்கும் குழாயாக நிற்கவில்லை. எனவே கம்பியையும் விடலாம். மாதிரி கட்டுகிறவரின் திறமை பாதி இந்த இடத்தில்தான் தெரியும். காரணம் சொல்லி விட்டதைப் பிறகு தேவைப்பட்டால் திரும்பச் சேர்க்கலாம். காரணம் இல்லாமல் விட்டது கடைசிவரை கண்ணில் படாமலே போகும்.

அடுத்து, பொருளைப் பற்றிய மூன்று எண்கள். கான்கிரீட்டின் அடர்த்தி கனமீட்டருக்கு 2,400 கிலோ. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 900 ஜூல். கடத்துத்திறன் 1.5 என்று வைப்போம்: ஒரு மீட்டர் தடிமனில் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு ஒன்றரை வாட் ஓடும் என்று பொருள். கலவையையும் ஈரத்தையும் பொறுத்து இது 1 முதல் 2 வரை மாறும், நடுவில் எடுத்திருக்கிறேன். முதல் இரண்டையும் பெருக்கினால் ஒரு கனமீட்டர் கான்கிரீட் ஒரு டிகிரி ஏற 21,60,000 ஜூல் தேவை. மூன்றாவதை இதனால் வகுத்தால் வருவது வெப்பப் பரவுதிறன், வினாடிக்கு 0.7 சதுர மில்லிமீட்டர். செம்புக்கு இதே எண் சுமார் 117. மரத்துக்கு 0.1 அளவில். வெப்பநிலை மாற்றம் ஒரு பொருளுக்குள் எவ்வளவு சுறுசுறுப்பாகப் பரவும் என்பதை இந்த ஒரே எண் சொல்லிவிடும். வெறும் கடத்துத்திறனைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் போகிற வழியிலெல்லாம் பொருளே கொஞ்சம் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துச் சேமித்துக்கொள்கிறது.

இனி மாதிரியின் உயிருக்கு வருவோம். அது இரண்டே வாக்கியம்.

முதல் வாக்கியம் வரவு செலவு. தளத்தை மெல்லிய அடுக்குகளாக மனதில் வெட்டுங்கள். ஏதாவது ஓர் அடுக்கைப் பாருங்கள். மேலிருந்து வந்த வெப்பத்தில் கீழே போன வெப்பத்தைக் கழித்தால் மிச்சம் அந்த அடுக்கிலேயே இருப்பாகிறது. இருப்புக்குத் தக்கபடி அதன் வெப்பநிலை ஏறுகிறது. கடைக்காரர் பேரேட்டில் எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆற்றல் அழியாது என்ற விதியின் நேரடி வடிவம் இது. எங்கேயும் எப்போதும் பொய்க்காது.

இரண்டாம் வாக்கியம் பொருளின் சுபாவம். ஓடும் வெப்பத்தின் அளவு, வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சரிவு இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்கு. இது ஃபூரியர் விதி. ஜோசப் ஃபூரியர் பிரான்சில் கிரெநோபிள் நகரைத் தலைநகராகக் கொண்ட ஈசேர் மாவட்டத்தின் நிர்வாகியாக இருந்துகொண்டே இந்த ஆராய்ச்சியைச் செய்தார். 1807இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதி அனுப்பியபோது கணிதமேதை லக்ராஞ்ச் அதில் வரும் முக்கோணவியல் தொடர்களை ஏற்க மறுத்தார். முழு நூல் 1822இல்தான் அச்சானது. பதினைந்து ஆண்டு காத்திருப்பு.

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பதுதான் நான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல வந்தது. முதலாவது இயற்கையின் சட்டம். இரண்டாவது அனுபவத்தில் கண்ட விதி; அதற்கு எல்லை உண்டு. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து வெப்பச் சமன்பாடு என்று ஒரு பெயரைக் கொடுத்துவிடுகின்றன. மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார். எந்தப் பாதி எப்போது தளரும் என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது.

இரண்டாம் வாக்கியத்துக்குள் இன்னொரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. தளம் முழுவதற்கும் சேர்த்து ஒரே வெப்பநிலை கிடையாது. ஆனால் ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்கென ஒன்று உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் சரிவைப் பற்றியே பேசுகிறோம். அதாவது முழுப் பொருள் சமநிலையில் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு சிறு துண்டும் தனக்குள் சமநிலையில் இருக்கிறது. இதை இடஞ்சார் சமநிலை என்பார்கள். கான்கிரீட்டில் இதற்குத் தாராளமாக இடம் உண்டு: அணுக்கள் தங்கள் அதிர்வுகளைப் பக்கத்து அணுக்களோடு பகிர்ந்து ஒரு நிலைக்கு வர, நம் கணக்கின் நிமிடங்களோடு ஒப்பிட முடியாத சிறு நேரம் போதும்.

இப்போது எண்களைப் போடுவோம். 12 செ.மீ. தடிமனில் 3 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்தால் மேல்பரப்பு முதல் அடிப்பரப்பு வரை ஐந்து புள்ளிகள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு ஓடுவது 1.5ஐ 0.03ஆல் வகுத்த 50 வாட். ஏழு நிமிடம், அதாவது 420 வினாடியில் அது 21,000 ஜூல். 3 செ.மீ. அடுக்கு ஒரு டிகிரி ஏற வேண்டியது 64,800 ஜூல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.324, ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

அந்த மூன்றில் ஒன்று வருவதற்காகவே ஏழு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வோர் அடுக்கும் ஏழு நிமிடத்தில் மேலே உள்ளவரோடு இருக்கும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கீழே உள்ளவரோடு இருக்கும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கையும் சரிக்கட்டிக்கொள்கிறது. எழுதிப் பார்த்தால் விதி இப்படி வந்து நிற்கும்: மேலே உள்ளவர், தான், கீழே உள்ளவர் மூன்று பேரின் வெப்பநிலையையும் கூட்டி மூன்றால் வகுத்தால், ஏழு நிமிடம் கழித்துத் தனக்கு இருக்கப்போகும் வெப்பநிலை. அவ்வளவுதான். வகைக்கெழுச் சமன்பாடு என்று பயமுறுத்தும் விஷயம், பக்கத்து வீட்டாரோடு சராசரி எடுப்பதாகச் சுருங்கிவிட்டது. முதன்முதலில் இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் போகவில்லை.

ஆனால் சராசரி எடுக்க எங்கிருந்தாவது தொடங்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் என்ன நடக்கிறது என்றும் சொல்ல வேண்டும். இவை தொடக்க நிபந்தனையும் எல்லை நிபந்தனைகளும். முதல் முயற்சிக்கு எளிதாக வைப்போம். காலையில் தளம் முழுவதும் 30 டிகிரி. வெயில் ஏறியதும் மேல்பரப்பு சட்டென்று 60 டிகிரியாகி அப்படியே நிற்கிறது. அடிப்பரப்பிலிருந்து அறைக்குள் எதுவும் இறங்கவில்லை. அங்கே ஒரு கண்ணாடி வைத்ததுபோல், கீழே இல்லாத அண்டை வீட்டாருக்குப் பதில் மேலே உள்ளவரையே இரண்டு முறை எண்ணுகிறோம்.

மேலிருந்து கீழாக ஐந்து புள்ளிகள்:

தொடக்கம்: 60, 30, 30, 30, 30
7 நிமிடம்: 60, 40, 30, 30, 30
14 நிமிடம்: 60, 43.3, 33.3, 30, 30
21 நிமிடம்: 60, 45.6, 35.6, 31.1, 30
28 நிமிடம்: 60, 47.0, 37.4, 32.2, 30.7

இப்படியே ஒன்பது வரி எழுதினால் 63 நிமிடம் ஆகும். அப்போது வரிசை 60, 50.9, 43.3, 38.2, 36.5. மேலே முப்பது டிகிரி ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் அடியில் ஆறரை டிகிரிதான் ஏறியிருக்கிறது.

விடை வந்ததும் நம்பிவிடக்கூடாது. இதே கேள்விக்கு ஃபூரியரின் தொடரைக் கொண்டு துல்லியமான விடை கண்டால் அடிப்பரப்பு சுமார் 36 டிகிரி. ஐந்தே புள்ளிகளை வைத்துக் கையால் போட்ட கணக்கு அரை டிகிரிதான் தவறியிருக்கிறது. இது திருப்தியான சோதனை.

இன்னொரு சோதனை, அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது. ஏழு நிமிடத்துக்குப் பதில் பதினான்கு நிமிடமாகத் தாவினால் வேலை பாதியாகும் அல்லவா? பங்கு மூன்றில் ஒன்று மூன்றில் இரண்டாகும். நான்கு வரி போட்டு 56ஆம் நிமிடத்தில் பாருங்கள்: 60, 44.8, 50.7, 30, 41.9. இரண்டாம் புள்ளியைவிட மூன்றாம் புள்ளி சூடு. நான்காவது காலை நிலையிலேயே இருக்கும்போது அதற்கும் கீழே உள்ளது 42ஐத் தொட்டுவிட்டது. குளிர்ந்ததிலிருந்து சூடானதுக்கு வெப்பம் ஓடினால்தான் இப்படி ஆகும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதை அனுமதிக்காது. காரணம் எளிது. இரண்டு பக்கத்தாருக்கும் மூன்றில் இரண்டு, மூன்றில் இரண்டு என்று கொடுத்துவிட்டால் தனக்கு மிஞ்சுவது கழித்தல் மூன்றில் ஒன்று. தன் சொந்த நிலைக்கு எதிர்மறை மதிப்புத் தரும் சராசரி சராசரியே ஆகாது. பங்கு பாதியைத் தாண்டக்கூடாது என்பது கடைசி எல்லை. நம் தளத்துக்கு அது ஏறக்குறைய பத்தே முக்கால் நிமிடம். சரியாக அந்த எல்லையில் நின்று, இரண்டு அண்டையாரின் நடுவில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டே விடை காணும் முறையை ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1924இல் கொடுத்தார். எவ்வளவு தாவினாலும் கணக்கு வெடித்துச் சிதறாத வழியை 1947இல் ஜான் கிராங்க், ஃபிலிஸ் நிக்கல்சன் இருவரும் கண்டார்கள். இன்றும் மென்பொருள்களில் அது ஓடுகிறது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் அது நம் மாதிரியிலேயே ஒரு பிழையைப் பிடித்துக் கொடுக்கிறது. முதல் வரியைத் திரும்பப் பாருங்கள். மேல்பரப்பு 60, அடுத்த புள்ளி 30. வித்தியாசம் 30, டிகிரிக்கு 50 வாட் வீதம் 1,500 வாட். உச்சி வெயிலே சதுர மீட்டருக்கு 1,000 வாட்டை ஒட்டித்தான் தரும். சூரியனிடம் இல்லாத பணத்தை நம் கணக்கு செலவழித்திருக்கிறது! ‘மேல்பரப்பு சட்டென்று 60’ என்ற எல்லை நிபந்தனையில்தான் தவறு.

அதைச் சரிசெய்வோம். வெயில் 900 வாட் என்று வையுங்கள். சாம்பல் நிறக் கான்கிரீட் அதில் 65 சதவீதத்தை உறிஞ்சும், 585 வாட். காற்றும் கதிர்வீச்சும் சேர்ந்து ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 20 வாட் வீதம் பரப்பிலிருந்து எடுத்துச்செல்லும். 585ஐ 20ஆல் வகுத்தால் 29. காற்று 35 டிகிரி. இரண்டும் சேர்ந்து 64. திறந்த வானத்துக்குப் பரப்பு இழக்கும் கதிர்வீச்சுக்காகக் கட்டடப் பொறியாளர்கள் வழக்கமாக 4 டிகிரி கழிப்பார்கள். மிச்சம் 60. இந்த எண்ணைச் சோல்-ஏர் வெப்பநிலை என்பார்கள். தரை எடுத்த எடுப்பில் எட்டும் வெப்பநிலையாக இதைக் கொள்ளக்கூடாது. தரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் வெப்பநிலை இது. உள்ளே வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும்வரை தரை 60ஐ எட்டாது.

மேல்புள்ளிக்கு மட்டும் விதியை மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பங்கில் இருப்பது 1.5 செ.மீ. அரை அடுக்கு. 20 வாட்டையும் 50 வாட்டையும் முன்போல ஏழு நிமிடத்துக்குக் கணக்கிட்டால், அது ஒவ்வொரு படியிலும் 60உடன் உள்ள வித்தியாசத்தில் 0.26 பங்கு மேலேறும். அடுத்த புள்ளியோடு உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு கீழிறங்கும். மற்றவர்களுக்குப் பழைய சராசரிதான். ஒன்பது வரிக்குப் பிறகு மேல்பரப்பு 44, அடிப்பரப்பு 31.7. முன்பு வந்த 60, 36.5 எங்கே, இது எங்கே! உள் விதி ஒன்றையும் தொடவில்லை. ஓரத்தை மட்டும் திருத்தினோம். வெப்பக் கணக்கில் பெரும் பிழைகள் ஓரங்களில்தான் உட்கார்ந்திருக்கும் என்பது என் அனுபவம். அடிப்பரப்பையும் இதேபோல் திறந்துவிடலாம். அறைக்காற்று டிகிரிக்கு 6 வாட் எடுக்கும் என்று ஒரு செலவு வரி சேர்த்தால் போதும்.

விடையைப் படிப்பதற்கு முன் இன்னும் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். ஓரம் சரி, எண்கள் சரி. இரண்டாம் வாக்கியமே சரியா?

இதைக் கேட்கத் தவறியதற்குப் பெரிய சாட்சி வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. 1862இல் அவர் பூமியையே நம் மாடித் தளம்போல் எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் முழுவதும் உருகிய சூடு. பிறகு மேல்பரப்பிலிருந்து ஆறுகிறது. சுரங்கங்களில் ஆழம் போகப்போக வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்பது தெரியும். எனில் ஆறத் தொடங்கி எத்தனை ஆண்டு? 2 கோடிக்கும் 40 கோடிக்கும் நடுவில் என்று விடை வந்தது. பூமியின் உண்மையான வயது 454 கோடி ஆண்டு. கதிரியக்க வெப்பத்தை அவர் அறியாததே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ரேடியம் ஓயாமல் வெப்பம் வெளியிடுவதை பியர் கியூரியும் லாபோர்டும் 1903இல் அளந்தார்கள். அது வரவில் விட்டுப்போன ஓர் இனம்தான். ஆனால் பெரிய பிழை வேறு இடத்தில் இருந்தது. கெல்வினிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895இலேயே அதைச் சுட்டிவிட்டார்: பூமியின் உட்புறம் மேல்தோலைப்போல் வெறும் கடத்தலால் மட்டும் வெப்பத்தை நகர்த்தவில்லை, அங்கே வெப்பம் இன்னும் எளிதாக நகர்கிறது என்றால் வயது பல மடங்கு கூடும். வரவு செலவு விதி சரியாக இருந்தும், ஓட்ட விதியைச் செல்லாத இடத்தில் பயன்படுத்தியதால் கோடிக்கணக்கான ஆண்டுகள் காணாமல் போயின.

ஃபூரியர் விதிக்குள்ளேயே ஓர் உறுத்தல் உண்டு. அதன்படி மேல்பரப்பைச் சூடாக்கிய அதே கணத்தில் அடிப்பரப்பிலும் மிகமிகச் சிறிய மாற்றம் தெரிந்தாக வேண்டும். செய்தி எல்லையில்லா வேகத்தில் போகிறது என்று அர்த்தம். இயற்கையில் அது நடவாது. 1948இல் இத்தாலியரான கார்லோ கட்டானியோவும், 1958இல் பிரான்சின் வெர்னாட்டும் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள். சரிவு தோன்றியதும் ஓட்டம் உடனே பிறப்பதில்லை. எழுந்து நடக்க அதற்கு ஒரு சிறு நேரம் பிடிக்கும். அந்தத் தளர்வு நேரத்தை இரண்டாம் வாக்கியத்தில் சேர்த்துவிட்டால் வெப்பம் பரவுவதோடு அலையாகவும் போகத் தொடங்கும். அலைக்கு முடிவுள்ள ஒரு வேகமும் வந்துவிடும். முதல் வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வெப்பம் அலையாகப் போவது கற்பனை இல்லை. அதற்கு இரண்டாம் ஒலி என்று பெயர். 1944இல் இயற்பியலாளர் பெஷ்கோவ் அதைத் திரவ ஹீலியத்தில் கண்டார். திண்மங்களில், 1966இல் உறைந்த ஹீலியத்திலும், 1970இல் சோடியம் ஃபுளோரைடு படிகத்திலும் கண்டார்கள். 1972இல் பெல் ஆய்வகத்தில் பெங்களூரில் பிறந்த வெங்கடேஷ் நாராயணமூர்த்தியும் ராபர்ட் டைன்ஸும் பிஸ்மத்தில் கண்டார்கள். இவையெல்லாம் கடுங்குளிரில் மட்டுமே நடந்தவை. 2019இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கிராஃபைட்டில் 100 கெல்வினுக்கு மேலேயே அதைக் காட்டினார்கள்.

அப்படியென்றால் நம் மாடிக்கும் அலைச் சமன்பாட்டைப் போட வேண்டுமா? வேண்டாம். தளர்வு நேரம் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துப் பார்த்தால், அலை வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும், 12 செ.மீ.யை ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். ஏழு நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுகிற நமக்கு அது தெரியவே தெரியாது. 1990களில் மணலிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் தளர்வு நேரம் பல வினாடிகள் வரை இருப்பதாகக் கட்டுரைகள் வந்தன. அதே பொருள்களை வைத்துப் பிறகு கவனமாகச் செய்த சோதனைகளில் சாதாரண ஃபூரியர் விதியே சரியாகப் பொருந்தியது. புதிய விதி கையில் கிடைத்தவுடன் எல்லா இடத்திலும் அதைத் தேடக்கூடாது.

விதி உண்மையிலேயே தளரும் இடம் கைபேசிக்குள் இருக்கிறது. சிலிக்கனில் வெப்பத்தைச் சுமப்பவை அணுக்கூட்டின் அதிர்வுப் பொட்டலங்களான ஃபோனான்கள். அறை வெப்பநிலையில் அவற்றில் பல, எதன்மீதும் மோதாமல் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஓடும். டிரான்சிஸ்டரின் பாகங்களோ சில பத்து நானோமீட்டர். மோதல் நடக்கும் முன்பே மறு கரை வந்துவிட்டால், நடுவில் ‘இந்த அடுக்கின் வெப்பநிலை’ என்று எதைச் சொல்வது? இடஞ்சார் சமநிலை அங்கே உடைகிறது. பெரிய சிலிக்கன் துண்டுக்கு 148 என்று இருக்கும் கடத்துத்திறன், அவ்வளவு மெல்லிய தகட்டில் பல மடங்கு குறைந்துபோகிறது. அங்கே ஃபோனான்களையே தனித்தனியாகப் பின்தொடரும் கணக்கு வேண்டும். உலோகத்தின்மீது மிகக் குறுகிய லேசர் துடிப்பு விழும்போது இன்னொரு விதமாக உடைகிறது: ஒரே இடத்தில் எலெக்ட்ரான்கள் ஆயிரக்கணக்கான டிகிரியிலும், அணுக்கூடு இன்னும் குளிர்ச்சியாகவும் இருக்கும். அதற்கு அனிசிமோவ் குழுவினர் 1974இல் இரண்டு பேரேடு வைத்தார்கள். எலெக்ட்ரானுக்கு ஒன்று, அணுக்கூட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு கைமாற்றுக் கணக்கு. அங்கும் வரவு செலவு ஜூல் பிசகாமல் நிற்கிறது.

மாடிக்குத் திரும்புவோம். விதி சரிதான் என்று உறுதியானதால் இப்போது விடையைத் தைரியமாகப் படிக்கலாம்.

நாள்தோறும் ஏறி இறங்கும் வெயில் கான்கிரீட்டுக்குள் ஓர் அலைபோல இறங்குகிறது. 14 செ.மீ. ஆழத்துக்கு ஒருமுறை அதன் வீச்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தேயும். தளம் கீழே முடிவில்லாமல் நீண்டிருந்தால், 12 செ.மீ. இறங்க மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். நம் தளம் முடிகிற தளம் என்பதால் இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மணி உச்சம் அடியில் நான்கு மணிக்கு மேல் தெரியும். தடிமன் இரண்டு மடங்கானால் ஒரு மாற்றம் ஊடுருவிக் கடக்கும் நேரம் நான்கு மடங்காகும்.

சேமிப்பு எவ்வளவு? தளம் சராசரியாக 20 டிகிரி ஏறியிருந்தால் சதுர மீட்டருக்கு 52 லட்சம் ஜூல். மின்கட்டணக் கணக்கில் 1.4 யூனிட். பத்தடி அறைக்கு மேலே 13 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. மின்விசிறி அனலை இறக்குவதில் அதன் குற்றம் ஒன்றும் இல்லை.

தண்ணீர் ஊற்றினால் ஆறுமா? ஒரு லிட்டர் ஆவியாக சுமார் 24 லட்சம் ஜூல் எடுக்கும்; சதுர மீட்டருக்கு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் போதும். முழு அறைக்கும் இருபது லிட்டர், ஒன்றரைக் குடம். ஆனால் அந்தத் தண்ணீர் மாடியிலேயே ஆவியாக வேண்டும். குடத்தோடு கவிழ்த்தால் பெரும்பகுதி மழைநீர்க் குழாய் வழியே ஓடிவிடும். மேல்தோல் மட்டும் குளிர்ந்து, அதற்குச் சற்றுக் கீழே உள்ள சூடு அரை மணியில் மறுபடி மேலே வந்துவிடும். ஆழத்தில் உள்ளது மேலேறி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். எனவே நான்கு மணிக்கே தொடங்கி, கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள்.

அதைவிட நல்லது சுண்ணாம்பு. புது வெள்ளைப் பூச்சு வெயிலில் கால் பங்கைத்தான் உறிஞ்சும். 900இல் கால் பங்கு 225. 20ஆல் வகுத்தால் 11. காற்றின் 35ஐச் சேர்த்து 4ஐக் கழித்தால் 42. தரையை இழுக்கும் வெப்பநிலை 60இலிருந்து 42க்கு இறங்கிவிட்டது. நம் விதிகள் எல்லாம் நேர்விகிதம் என்பதால் புதிதாக ஒன்பது வரி எழுத வேண்டியதில்லை. 30க்கு மேல் ஏறிய அளவை எல்லாப் புள்ளியிலும் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைத்தால் போதும்: ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மேல்பரப்பு 44க்குப் பதில் 35.7. தூசி படிந்தால் வெள்ளை மங்கும், கணக்கும் மங்கும். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பங்குனி பிறக்கும் முன் அடித்துவிடுங்கள்.